பழைய ஸ்னேர் டிரம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க டிரம் நிறுவனமான லட்விக்கின் பழைய ஸ்னேர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, டிரம்மின் பக்கத்தில் உள்ள நிறுவனப் பேட்ஜில் இருக்கும் எண்ணைத்தான். சறுக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கீஸ்டோன் என்று அழைக்கப்படும் அந்தப் பேட்ஜில் எண் வர ஆரம்பித்தது 1963 கடைசியில். ஆனால் சிகாகோ தொழிற்சாலையில் பேட்ஜை வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. கைக்கு வந்ததை மாட்டினார்கள். எண்ணை வைத்து ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்ட்ரெய்னர். டிரம்மின் அடியில் உள்ள கம்பிகளைக் கீழ்த்தோலோடு ஒட்டவைத்து விலக்கும் லீவர் இது. லட்விக்கின் சுப்ராஃபோனிக் என்ற மாடலில் அறுபதுகளில் பி-83 ஸ்ட்ரெய்னர், எழுபதுகளில் பி-85 என்று மனப்பாடம் செய்துகொண்டு, அதை மட்டும் பார்த்து ஆண்டு சொல்பவர்கள் உண்டு. டிரம்மிலேயே அதிகம் தேய்வதும் உடைவதும் மாற்றப்படுவதும் அந்த உறுப்புதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். முடிந்தால் விற்பவரிடம் கேட்டு இரண்டு திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். ஸ்ட்ரெய்னருக்கு அடியில் வேலையில்லாத ஓட்டைகள், முலாம் மங்காத வேறு வடிவத் தடம் தெரிந்தால், அங்கே முன்பு வேறொன்று இருந்திருக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்றால், தோல் வழியாக டார்ச் அடித்தாவது உள்பக்கத்தைப் பாருங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் பித்தளை என்பது இன்னொரு அவசர முடிவு. அலுமினியத்திலும் ஒட்டாதே! ஐம்பதுகளின் கடைசியில் வந்த முதல் சூப்பர் லட்விக்குகள் (சுப்ராஃபோனிக்கின் முன்னோடி) பித்தளை. அறுபதுகளில் அலுமினியத்துக்கு மாறினார்கள். அலுமினியத்தில் குரோம் சரியாகப் பிடிக்காது, புள்ளி புள்ளியாகக் கிளம்பும். உரிந்த இடம் மஞ்சளா சாம்பலா என்று பாருங்கள், தூக்கி எடையும் பாருங்கள். அப்புறம், லக்குகளை, அதாவது தோலை இறுக்கும் திருகுகள் நுழையும் பக்கவாட்டு உறுப்புகளை, எண்ணுங்கள்: 10 இருந்தால் சுப்ராஃபோனிக்காக இருக்கலாம், 8 என்றால் பெரும்பாலும் லட்விக்கின் இன்னொரு அலுமினிய மாடலான அக்ரோலைட்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ரோஜர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் டைனா-சோனிக் ஸ்னேர் விஷயம். அதில் கம்பிகள் ஒரு உலோகச் சட்டத்துக்குள் தனியாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஸ்ட்ரெய்னர் அந்தச் சட்டத்தை மேலே தூக்கித் தோலில் படவைக்கும், அவ்வளவே. சட்டம் தொலைந்து, சாதாரணக் கம்பி மாட்டிய டைனா-சோனிக்கை முழு விலைக்கு வாங்கிவிடாதீர்கள். டிரம்மைக் கவிழ்த்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.