நான்குவழிச்சாலையில் சைக்கிள்: வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம்

தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று பொதுவான தடை எதுவும் இல்லை. சென்னையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் வரை போகலாம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக வாலாஜாபேட்டை வரை போகலாம். சுங்கச்சாவடியில் கட்டணமும் கிடையாது. இடது ஓரத்தில் பைக்குகளுக்கு விட்டிருக்கும் சந்தில் நுழைந்து போய்விடலாம்.

தடை இருப்பது விரைவுச்சாலைகளில். மும்பை–புனே விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போகவேண்டும். சாலையில் ஏறும் இடத்திலேயே பலகையைப் பாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் இருந்தால் தடை. நீல வட்டத்துக்குள் இருந்தால் அது சைக்கிளுக்கென்றே விட்ட பாதை.

வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம், பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தார் போட்ட ஓரம் இருக்கும். அதுதான் உங்கள் சாலை. கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே தள்ளி ஓட்டுங்கள். அதற்கும் இடப்பக்கம் ஒதுங்கினால் கண்ணாடித்துண்டும் ஜல்லியும் குவிந்து கிடக்கும். தாரை விட்டு மண்ணில் சக்கரம் இறங்கிவிட்டால், ஓட்டிக்கொண்டே சாய்வாக மேலே ஏற்றப் பார்க்காதீர்கள். தார் விளிம்பு முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், வலப்பக்கம் லாரிப் பாதையில் விழுவீர்கள். வேகத்தைக் குறைத்து, நின்று, தூக்கி வையுங்கள்.

எதிர்த்திசையில் ஓட்டுவதை என்ன காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். 'வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியுமே' என்ற வாதம் கணக்கில் நிற்காது. நீங்கள் 20 கி.மீ., கார் 100 கி.மீ. வேகம் என்று வையுங்கள். ஒரே திசையில் போனால் 200 மீட்டர் பின்னால் உங்களைப் பார்த்த ஓட்டுநருக்கு 9 விநாடி கிடைக்கும். எதிரே வந்தால் 6 விநாடிதான். அதைவிட மோசம் கிளைச்சாலை. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி ஏறுகிறவர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் அவருக்கு இடப்பக்கமிருந்து வருகிறீர்கள்.

ஓரம் முடிகிற இடங்கள்

ஓரம் தொடர்ந்து இருக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. அது அறுபடும் இடத்தில்தான் விபத்து.

அதிகம் அறுபடுவது மேம்பாலத்தில். பல மேம்பாலங்களில் தார் ஓரமே இருக்காது. கோட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம், அதிலும் மணல். கூடவே பாலத்தின் துண்டுகள் சேரும் இடத்தில் சக்கரத்தை உலுக்கும் இணைப்புப் பட்டை. அதனால் மேலே ஏறாமல் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்தடிச் சந்திப்பைக் கடந்து, மறுபுறம் சேருங்கள். ஏற்றமும் மிச்சம். சர்வீஸ் ரோடு இல்லாமல் மேலே போயே ஆகவேண்டுமென்றால், இடப்பக்கம் பிரியும் பாதையோடு சிறிது தூரம் போய் நில்லுங்கள், திரும்பிப் பாருங்கள், இடைவெளி கிடைத்ததும் நேர்க்குறுக்காகக் கடந்து பிரதான சாலையின் ஓரத்தைப் பிடியுங்கள். பிரிகிற இடத்தில் சாய்வாகக் கடந்தால், கடைசி நொடியில் இடப்பக்கம் ஒடிக்கிற லாரிக்கு முன்னால் நீண்ட நேரம் இருப்பீர்கள்.

அடுத்தது நிற்கும் லாரி. இண்டிகேட்டர் கூடப் போடாமல் ஓரத்தை அடைத்து நிற்கும். நெருங்கிப் போய் வெட்டி ஒதுங்காதீர்கள். 50 மீட்டர் முன்பே கண்ணாடியில் பார்த்து, வலக்கையை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வாருங்கள். டிரைவர் கதவு திறக்கும் அளவுக்கு இடம் விட்டுக் கடந்து போங்கள். பின்னால் வண்டி நெருங்கினால் லாரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுவது அவமானமல்ல. கைப்பிடியின் வலது முனையில் ஒரு சிறு கண்ணாடி மாட்டுங்கள். ஹெல்மெட்டுக்கு அடுத்து உருப்படியான செலவு அதுதான்.

அறுவடைக் காலத்தில் ஓரம் முழுக்க நெல்லும் உளுந்தும் காயும், சுற்றிலும் கல் அடுக்கியிருப்பார்கள். தானியத்தின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி போகிற சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் ஓரத்தில் நடக்கும். இருட்டில் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

ஆம்னி பஸ் கடக்கும்போது காற்று முதலில் உங்களை இடப்பக்கம் தள்ளும், பஸ்ஸின் பின்பகுதி போனதும் சாலைப் பக்கம் இழுக்கும். முழங்கையைத் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து நேராகப் போங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலை எடுக்கவேண்டாம்.

தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயைப் புதியவர்கள் தவிர்க்கலாம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவதற்குப் பேர்போன இறக்கம் அது. பின்னால் வருவது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

வெளிச்சம், பஞ்சர்

வெயிலுக்குப் பயந்து காலை 3 மணிக்கே கிளம்புகிறவர்கள் உண்டு. ஓட்டுநர்களுக்குக் கண் சொருகும் நேரமும் அதுதான். விடிந்த பிறகு கிளம்பி, 10 மணிக்குள் முடியுங்கள். பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு, பகலிலும் எரியட்டும். கணுக்காலில் பிரதிபலிக்கும் பட்டை கட்டுங்கள். மிதிக்கும்போது அது மேலும் கீழும் போவதைப் பார்த்தால், முன்னால் போவது சைக்கிள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலைப் பஞ்சருக்கு ஒரு முக்கியக் காரணம், வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி போன்ற கம்பி. டியூபை மாற்றினாலும் கம்பி டயரிலேயே இருந்தால் 5 கி.மீ.க்குள் மறுபடி காற்று இறங்கும். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டி வையுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரில் அதே இடத்தில் தேடினால் போதும். துணியை உள்ளே தேய்த்தால் கம்பி மாட்டும், சாமணத்தால் பிடுங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் கம்பி அல்ல, காற்று குறைவு. 28 மி.மீ. டயர், ஓட்டுபவர் 70 கிலோ என்றால் 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சுமாராகச் சரி. இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு கட்டாயம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டரும் வேண்டும். இல்லாவிட்டால் வழியிலுள்ள பஞ்சர் கடை கம்ப்ரஸர் பொருந்தாது.

டியூப் மாற்ற ஓரத்தில் உட்காராதீர்கள். சாலையை விட்டு இறங்கி, மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

ஏதாவது நடந்தால் 108. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கேட்கிற முதல் கேள்வி 'எங்கே' என்பதுதான். கடைசியாகக் கடந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவே சென்டர் மீடியன் இருப்பதால் பக்கம் தவறினால் ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்பிவர முடியும்.