தலைவலி இல்லாமல் காபியைக் குறைப்பது எப்படி?

விரத நாளில் மதியத்துக்கு மேல் தலை விண்விண்ணென்று தெறிக்கிறதே, அதற்குப் பசியைக் குறை சொல்கிறோம். பல சமயம் அது காலையில் குடிக்காமல் விட்ட காபியின் வேலை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது நரம்பு செல்களில் தனக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் நமக்குக் கண் சொக்கும். காபியில் இருக்கும் காஃபீன் அதற்கு முன்பே அங்கே போய், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தினமும் இப்படியே நடந்தால் மூளை அதற்கேற்ப மாறிவிடும். திடீரென்று நிறுத்தினால் அடினோசின் மொத்தமாக வேலையைக் காட்டும், மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும்.

அதனால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் கை வைக்க வேண்டியது மாலைக் காபியில். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதாவது 5 மணிக் காபியில் பாதி 10 மணிக்கும் உள்ளே இருக்கும். நேராக நிறுத்த மனசு வரவில்லையா, மாலைக்கு இரண்டாம் டிகாக்‌ஷன் போதும். காஃபீனில் பெரும்பங்கு முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும்.

அப்புறம் பொடி. சிக்கரியில் காஃபீன் கிடையாது (சிக்கரி என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதற்காகவாவது மன்னிக்கலாம்). காபி 80க்குச் சிக்கரி 20 என்று வாங்குகிறவர்கள் அடுத்த முறை 70க்கு 30, அதற்கடுத்து 60க்கு 40 என்று கடையில் சொல்லி அரைத்து வாங்குங்கள், கசப்பும் கருமையும் குறையாததால் நாக்கு பெரிதாகச் சண்டை போடாது. காபிக் கொட்டை வகையில் ரொபஸ்டாவை விட்டு அராபிகாவுக்கு மாறினால் காஃபீன் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் காபியைக் குறைத்துவிட்டு டீயை ஏற்றினால் கணக்கு நேராகிவிடும், அதிலும் காஃபீன் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீன்தான் எல்லை, மற்ற பெரியவர்களுக்கு 400. சிகரெட்டையும் சேர்த்து விடுகிறவர்கள் கவனியுங்கள்: புகை நின்றதும் கல்லீரல் காஃபீனை மெதுவாகத்தான் கழிக்கும், அதே ஒரு டம்ளர் காபி கூடுதலாகப் படபடக்க வைக்கும்.

நடுவில் தலை வலித்து மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபீன் இருக்கிறது, வெறும் பாராசிட்டமால் கேளுங்கள்.