மருத்துவ மாணவர்களே, உங்கள் ஆசிரியர்களுக்கு இப்படி நன்றி சொல்லுங்கள்

எம்.பி.பி.எஸ். முடிக்கிற பேட்ச் எல்லாம் வழக்கமாகச் செய்வது பொன்னாடை, ஷீல்டு, ஒரு குரூப் போட்டோ. அதில் தப்பில்லை, செய்யுங்கள். ஆனால் முப்பது வருஷம் பாடம் எடுத்த ஒரு பேராசிரியருக்கு எந்த ஷீல்டை எந்த பேட்ச் கொடுத்தது என்று நினைவிருக்காது. "சார், நீங்கள் அன்றைக்கு வார்டில் இதைச் சொன்னீர்கள், அதனால் இன்றைக்கு நான் இதைச் செய்தேன்" என்று ஒரு மாணவர் எழுதிய நாலு வரி நினைவிருக்கும். அதை எப்படி எழுதுவது, யார் யாருக்கு, எப்போது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். யூனிட் சீஃப், அதாவது வார்டில் உங்கள் பிரிவுக்குத் தலைமை டாக்டர், அவர் பெயர் தானாக வந்துவிடும். அதோடு நிறுத்தாதீர்கள். நடுராத்திரி டியூட்டியில் பக்கத்தில் நின்று முதல் தையலைப் போட வைத்த பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்), வெயின் கிடைக்காமல் நீங்கள் திணறியபோது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு "இங்கே பாருங்க டாக்டர்" என்று காட்டிய ஸ்டாஃப் நர்ஸ், லேபர் வார்டில் எப்போது மேடத்தைக் கூப்பிட வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆயா அக்கா, இவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். பேராசிரியருக்காவது ஆசிரியர் தினத்தன்று ஒரு வாழ்த்து வரும், இவர்களுக்கு அதுவும் வருவதில்லை.

பெயருக்கு நேரே, அவர் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். "நல்லா கிளாஸ் எடுப்பார்" என்பது போதாது. இதய நோயாளியிடம் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லிப் புத்தகம் கற்றுக்கொடுக்கும். பாயில் தலையணையே இல்லாமல் படுக்கிறவரிடம் அந்தக் கேள்வி செல்லாது, "படுத்தா மூச்சு முட்டுதா, எழுந்து உக்காந்தா சரியாகுதா?" என்று கேள் என்று சொல்லித்தந்தது ஒரு ஆசிரியர். மண்ணீரலைத் தேடும்போது இடது விலா எலும்புக்குக் கீழே நேராகக் கை வைக்காதே, வலது அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்து இடது மேல்பக்கமாக வா, இல்லையென்றால் பெரிதாக வீங்கிய மண்ணீரலின் விளிம்பைத் தவறவிட்டுவிடுவாய் என்று விரலைப் பிடித்துக் காட்டியது ஒருவர். குழந்தையின் மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு, பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதே என்று சொன்னது இன்னொருவர். இப்படி ஒவ்வொரு பெயருக்கும் ஒன்று கிடைத்துவிட்டால் கடிதம் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம் கடிதம். கையால் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். மாதிரிக்கு இப்படி:

"மதிப்பிற்குரிய மேடம், நான் இன்ன வருஷ பேட்ச், உங்கள் யூனிட்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். வயிற்று வலி என்று வருகிற இளம்பெண் யாராக இருந்தாலும் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பாதே என்று ரவுண்ட்ஸில் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்படி ஒரு பெண் வந்தார். கல்யாணம் ஆகவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள், இருந்தாலும் டெஸ்ட் எடுத்தேன், பாசிட்டிவ். கருக்குழாய் கர்ப்பமாக இருக்கலாம் என்று உடனே அனுப்பிவைத்தேன், ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது."

அவ்வளவுதான். இதில் எங்கேயும் "தாங்கள் எனக்குக் கலங்கரை விளக்கம்" என்று இல்லை, கவிதை இல்லை. என்ன சொன்னீர்கள், நான் என்ன செய்தேன், நோயாளிக்கு என்ன ஆனது, இந்த மூன்றும் இருந்தால் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் தெரிகிற எதையும் எழுதாதீர்கள். நன்றிக் கடிதத்திலும் நோயாளியின் ரகசியம் ரகசியம்தான்.

எப்போது அனுப்புவது? இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கும்போது வேண்டாம், பிராக்டிகல் தேர்வுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். நீங்கள் மனசாரச் சொன்னாலும் அவருக்குச் சங்கடம். ரிசல்ட் வந்த பிறகு ஒன்று, வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒன்று என்று இரண்டு முறை எழுதலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிசு. கற்றது பயன்பட்டதா என்பது அப்போதுதான் தெரியும், ஆசிரியருக்கும் அதைத்தான் கேட்க ஆசை.

அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர் 1892ல் வெளியிட்ட மருத்துவப் பாடநூல் பல பதிப்புகள் கண்டு உலகம் முழுக்கப் பரவியது. அதை அவர் தன் மூன்று ஆசிரியர்களுக்குக் காணிக்கையாக்கினார். முதலாவது பெயர் ஒரு டாக்டருடையதே இல்லை. வில்லியம் ஆர்தர் ஜான்சன் என்ற பாதிரியார், பள்ளிக்கூட வயதில் ஆஸ்லருக்கு மைக்ராஸ்கோப்பை அறிமுகப்படுத்தியவர். அடுத்தது டொராண்டோவில் பாடம் சொன்ன ஜேம்ஸ் போவெல், மூன்றாவது மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் டீனாக இருந்த ராபர்ட் பாமர் ஹோவர்ட். ஒவ்வொருவரும் எந்த ஊர், என்ன பொறுப்பு என்று அந்தப் பக்கத்தில் குறிப்பாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அது அச்சானபோது மூன்று பேருமே உயிரோடு இல்லை.

அரசுக் கல்லூரி ஆசிரியர்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் பழைய முகவரி உதவாது. துறை அலுவலகத்தில் கேட்டால் எந்தக் கல்லூரிக்குப் போனார் என்று தெரிந்துவிடும். ஓய்வு பெற்றவர் என்றால் சீனியர்களிடம் விசாரியுங்கள், பெரும்பாலும் யாராவது ஒருவர் இன்னும் தொடர்பில் இருப்பார்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. அரசு ஊழியர்கள் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு, விலை உயர்ந்த எதையும் கொண்டுபோய் அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். பேட்ச் சேர்ந்து பணம் போடுவதாக இருந்தால் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளைப் பதக்கம் வைக்கலாம். இல்லையென்றால் மெஸ் பில் கட்ட முடியாத ஒரு ஜூனியருக்கு, யார் என்று வெளியே தெரியாமல், அவர் பெயரைச் சொல்லிக் கட்டலாம். மருத்துவர்களின் பழைய ஹிப்பாக்ரட்டிஸ் உறுதிமொழியில் ஆசிரியரைப் பெற்றோருக்குச் சமமாக வைத்து, அவருக்குத் தேவை வந்தால் தன் பொருளைப் பகிர்ந்துகொள்வேன், அவர் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுப்பேன் என்று வருகிறது. இன்றைக்கு அவருடைய மாணவர்கள் எல்லாரையும் அவர் பிள்ளைகளாக வைத்துக்கொண்டால் அந்த வாக்கைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

சடலத்தை வெட்டிப் படிக்கிற அனாடமி ஹாலுக்கு வருவோம். 2019ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், முதல் வருஷத்திலேயே, சடலம்தான் நம் முதல் ஆசிரியர் என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய விஷயம், ஆனால் ஒரு நாள் உறுதிமொழி எடுத்துப் பூ வைப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. மேசையில் இருப்பவர் தானே விரும்பிக் கையெழுத்துப் போட்டு வந்தவராக இருக்கலாம், யாரும் தேடி வராமல் போனவராகவும் இருக்கலாம். இரண்டாமவர் நம்மிடம் எதற்கும் சம்மதம் சொன்னதில்லை, அவருக்கு நாம் பட்ட கடன் இன்னும் கூடுதல். அன்றைக்கு டிசெக்ஷன் (வெட்டிப் பார்ப்பது) இல்லாத பாகத்தை ஈரத்துணியால் மூடி வையுங்கள், வெட்டியெடுத்த சிறு திசுவையும் அந்த மேசைக்கு உரிய வாளியிலேயே போடுங்கள், கடைசியில் அவருடையது எல்லாம் அவரோடு போக வேண்டும். போன் உள்ளே வரக்கூடாது. உடல் தானம் செய்தவர்களின் குடும்பத்துக்குக் கடிதம் எழுத ஆசைப்பட்டால் துறைத் தலைவரிடம் கொடுங்கள், அவர் மூலமாகப் போகட்டும், நீங்களாக விலாசம் தேடிப் போகாதீர்கள்.

நோயாளிகள்தான் எனக்கு மிகவும் முக்கியம். தேர்வு நெருங்கும் மாதங்களில் இதயத்தில் கேட்கிற ஒரே முணுமுணுப்பு ஒலியைக் (மர்மர்) கேட்க ஒருவருடைய நெஞ்சில் பத்து இருபது பேர் ஸ்டெதஸ்கோப் வைக்கிறோம். அவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, ஆனாலும் சட்டையைக் கழற்றிக் காட்டுகிறார். அவருக்கு நன்றி சொல்வதென்றால் முதலில் "ஐயா", "அம்மா" என்று கூப்பிட்டு, நான் மாணவன், பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள், திரையை இழுத்து விடுங்கள், பார்த்து முடித்ததும் துணியை நீங்களே சரிசெய்து விடுங்கள். கேஸ் பிரசண்டேஷன் முடிந்ததும் திரும்பி வந்து "உங்களால்தான் இதைக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லுங்கள். ஸ்கேன் எங்கே, சீட்டு எங்கே என்று அலைகிறவருக்குக் கூட நடந்துபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா ஆசிரியருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நோயாளி முன்னால் கேவலமாகப் பேசியதை, சாதியையோ ஆங்கிலத்தையோ சொல்லிக் குத்தியதை "அதனால்தான் நான் தேறினேன்" என்று பின்னாளில் மெழுகிப் பேசாதீர்கள். நீங்கள் தேறியது உங்கள் உழைப்பால். கண்டிப்பாக இருந்த ஆசிரியர் வேறு, அவமானப்படுத்தியவர் வேறு. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், பட்டியல் போடும்போது அதை நம்புங்கள்.

ஆசிரியர் காலமாகிவிட்டிருந்தாலும் எழுதுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு அவரை வீட்டு மனிதராகத்தான் தெரியும், வார்டில் எப்படி நின்றார், எப்படிப் பேசினார் என்று தெரியாது. அதை எழுதுங்கள், எந்த யூனிட், எந்த வருஷம், என்ன சொல்லித்தந்தார் என்று. கீழே உங்கள் போன் நம்பரையும் போட்டுவிடுங்கள், கூப்பிட்டால் அவசரப்படாமல் பேசுங்கள்.