எல்லை தாண்டினால் விலை ஏன் மாறுகிறது? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே டூத்பேஸ்ட், ஒரே வாஷிங் மெஷின், ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. இதைப் பார்த்ததும் பலரும் இரண்டு விலைகளையும் நாணய மாற்றுச் செயலியில் போட்டுப் பார்ப்பார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் "கொள்ளையடிக்கிறார்கள்" என்று முடிவுகட்டுவார்கள், அல்லது விலை குறைந்த நாட்டிலிருந்து வரவழைக்கக் கிளம்பிவிடுவார்கள். சில சமயம் அந்தக் கோபம் நியாயமானதுதான், அதற்கான ஆதாரங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் பல நேரங்களில் ஒப்பிட்ட விதமே தவறாக இருக்கிறது. அதனால் கோபம் தவறான ஆள்மீது பாய்கிறது, கூடவே காசும் வீணாகிறது.

முதல் தவறு விலைச்சீட்டிலேயே ஆரம்பிக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் பொதுவாக விற்பனை வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோருக்குக் காட்டும் விலையில் வாட் வரி அடங்கியிருக்க வேண்டும். ஜப்பானில் வரி சேர்த்த மொத்த விலையைக் காட்டுவது 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஹங்கேரியின் வாட் 27 சதவீதம். அந்த வரி அடங்கிய விலையை எடுத்து, வரி இன்னும் சேராத அமெரிக்க விலைக்குப் பக்கத்தில் வைத்தால் 100க்கு 127 என்று தெரியும், ஆனால் அந்த 27 தயாரிப்பாளரின் பைக்குப் போகவே இல்லை, அது அரசுக்குப் போகிறது. ஒன்றியத்துக்குள்ளேயே லக்சம்பர்க்கில் வாட் 17 சதவீதம்தான். அமெரிக்காவுக்குள் ஓரிகான், டெலவேர் மாதிரி மாநில விற்பனை வரியே இல்லாத இடங்களும் இருக்கின்றன. அதனால் முதலில் வரியை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். நீக்கும்போதும் ஒரு சறுக்கல் நடக்கும். 27 சதவீதம் அடங்கிய விலையிலிருந்து 27 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது, 1.27ஆல் வகுக்க வேண்டும். 127ஐ வகுத்தால் சரியாக 100 வரும். கழித்தால் 92.71 வந்து, அந்த நாடு இல்லாத மலிவோடு தெரியும்.

அப்புறம், பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவது. இது எளிதில் விழக்கூடிய குழி. டூத்பேஸ்ட் ஒரு நாட்டில் 75 மில்லியும் இன்னொரு நாட்டில் 100 மில்லியுமாக, அதே வண்ணப் பெட்டியில் வரும். கேலன் என்று போட்டிருந்தால் அமெரிக்க கேலனா இம்பீரியல் கேலனா என்று பார்க்க வேண்டும், முன்னது 3.785 லிட்டர், பின்னது 4.546 லிட்டர். சலவைத் தூளுக்கு எடைகூடப் போதாது, அடர்த்தியாகச் செய்த தூள் குறைந்த எடையிலேயே அதிகத் தடவை துவைத்துத் தரும், ஆகவே ஒரு துவைப்புக்கு எவ்வளவு ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பதும் மாறலாம். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2019ல் 19 நாடுகளில் ஏறக்குறைய 1,400 உணவுப் பொருள்களை எடுத்துப் பார்த்தது. முன்பக்க அட்டை ஒரே மாதிரி இருந்தும் உள்ளே சேர்மானம் வேறாக இருந்தவை 9 சதவீதம், அட்டை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்து சேர்மானம் மாறியவை இன்னொரு 22 சதவீதம். இந்த நாடுகளுக்கு நல்லது, அந்த நாடுகளுக்கு மட்டம் என்று தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் பொருள் பட்டியலைப் படிக்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பதற்கு இது போதும்.

மின்சாதனங்களில் இந்தக் குழி இன்னும் ஆழம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், வட அமெரிக்காவில் 120, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 230 வாக்கில். சூடாக்கும் கருவியின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 230 வோல்ட்டுக்குச் செய்த கெட்டிலை 120 வோல்ட்டில் செருகினால் கால்வாசித் திறனுக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும், தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். மாற்றிச் செருகினால் கருவியே எரிந்துவிடும். மோட்டார் உள்ள சாதனங்களுக்கு, மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறி மாறி ஓடுகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதும் உண்டு. ஆக, ஒரே பெயரில் இரண்டு நாடுகளில் விற்கும் சாதனம் உள்ளுக்குள் இரண்டு வேறு இயந்திரங்களாக இருக்கலாம், இரண்டு தனிச் சான்றிதழ்ச் சோதனைகளைக் கடந்து வந்திருக்கலாம், அந்தச் செலவும் விலையில்தான் ஏறும்.

நாணய மாற்று விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய விகிதத்தில் மாற்றிப் பார்த்ததை நிரந்தர உண்மை மாதிரி பேசுவது தவறு. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, 1 யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் தான் காத்து வந்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது. அன்றே யூரோ ஏறக்குறைய 1 பிராங்குக்கு இறங்கிவிட்டது. சுவிஸ் கடைகளின் அலமாரியில் முந்தின நாள் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியேதான் இருந்தது, எல்லையை ஒட்டிய ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் நகரக் கடைகளிலும் ஒன்றும் மாறவில்லை, ஆனாலும் சுவிஸ் மக்கள் கண்ணுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாமே ஒரே நாளில் மலிவாகிவிட்டது. சில்லறை விலை மெதுவாக நகரும், நாணயச் சந்தை நொடிக்கு நொடி நகரும். ஒரு நாள் விகிதத்தை வைத்து "அந்த நாட்டில் எப்போதுமே மலிவு" என்று சொன்னால் அடுத்த மாதமே அது பொய்யாகிப் போகலாம்.

இனி வருவதைத்தான் மிகக் குறைவானவர்கள் கவனிக்கிறார்கள் என்பது என் எண்ணம். நாம் கொடுக்கும் விலையில் பொருளுக்கானது ஒரு பகுதிதான். லாரி, கிடங்கு, கடை வாடகை, அலமாரியில் அடுக்குபவரின் சம்பளம், பில் போடுபவரின் சம்பளம், கடையின் மின்கட்டணம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2003ல் வெளியான ஓர் ஆய்வு, நுகர்பொருள்களின் சில்லறை விலையில் இந்த விநியோகப் பங்கு அமெரிக்காவில் 40 சதவீதம் வாக்கிலும் அர்ஜென்டினாவில் 60 சதவீதம் வாக்கிலும் இருந்ததாகக் கணக்கிட்டது. ஒரு சோப்பை வேறு நாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் கடை வாடகையையும் பணியாளரின் உழைப்பையும் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது, அவை அந்தந்த ஊர் விலையில்தான் கிடைக்கும்.

சரி, அந்த உழைப்பு ஏன் ஒரு நாட்டில் விலை அதிகம்? பெலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1964ல் தனித்தனியாக எழுதிய விளக்கம் இன்றும் நிற்கிறது. ஒரு நாட்டின் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஒரு மணி நேர உழைப்பில் அதிகம் உற்பத்தி செய்தால் அங்கே சம்பளம் உயரும். கடையில் சோப்பு அடுக்குபவருக்கும் அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். ஆனால் சோப்பு அடுக்கும் வேகம் பணக்கார நாட்டிலும் ஏழை நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே வேலைக்குச் சம்பளம் மட்டும் அதிகம், அந்த அதிகம் சோப்பு விலையில் வந்து உட்கார்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே பர்கரின் விலையைப் பல நாடுகளில் ஒப்பிட்டு நாணய மதிப்பை அளக்க 1986ல் 'தி எகானமிஸ்ட்' இதழ் தொடங்கிய பிக் மேக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு "இந்த நாணயம் தவறாக மதிப்பிடப்பட்டிருக்கிறது" என்று பேசுபவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அந்த இதழே 2011ல் நாட்டின் வருமான நிலையையும் கணக்கில் எடுக்கும் இன்னொரு வடிவத்தைச் சேர்த்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், எந்தக் கேள்விக்கு எந்த அளவுகோல் என்பது. உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் 2021ஆம் ஆண்டுக்கான வாங்கும் திறன் சமநிலை விகிதங்களை, அதாவது ஒரே அளவு பொருள்களை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்று காட்டும் விகிதங்களை, 176 பொருளாதாரங்களுக்கு வெளியிட்டிருக்கிறது. ஒரு நாட்டுச் சம்பளத்தில் அங்கேயே எப்படி வாழ முடியும் என்று தெரிந்துகொள்ள அதுதான் சரியான கருவி. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு மிக்ஸியை வரவழைக்கும்போது உங்கள் வங்கி சந்தை விகிதத்தில்தான் பணம் எடுக்கும், வாங்கும் திறன் அங்கே உதவாது. அதேபோல் சந்தை விகிதத்தில் மாற்றிப் பார்த்துவிட்டு "அங்கே எல்லாம் பாதி விலை, அந்த மக்களுக்கு என்ன கவலை" என்று சொல்வதும் நியாயமில்லை. அந்தப் பாதி விலையைச் சம்பாதிக்க அவர்கள் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று பார்த்தால் பல சமயம் அதே பொருள் அவர்களுக்குத்தான் அதிக விலை. இதைக் கணக்கில் எடுக்காமல் இன்னொரு நாட்டு மக்களைப் பற்றிப் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கப்பல் கட்டணத்தைப் பொறுத்தவரை கண்டெய்னரில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பது பெரிய விஷயம், 20 அடிக் கண்டெய்னரின் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். அதை ரேசர் பிளேடால் நிரப்பினால் ஒவ்வொரு பிளேடுக்கும் ஏறும் செலவு மிகச் சிறியது, டாய்லெட் பேப்பரால் நிரப்பினால் காற்றுக்குக் கட்டணம் கொடுத்த மாதிரி. ஆகவே "தூரத்திலிருந்து வருகிறது, அதனால் விலை அதிகம்" என்ற காரணத்தை எல்லாப் பொருளுக்கும் ஒட்டக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் வித்தியாசம்தான் கோபப்பட வேண்டிய இடம். வீட்டுச் சாமான் விற்கும் ஐகியா நிறுவனத்தின் ஒரே மாதிரியான பொருள்களின் விலையை 25 நாடுகளில் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2001ல் வெளிவந்தது, சாதாரணமாகவே 20 முதல் 50 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே இரண்டு நாடுகளுக்கு இடையே ஒரு பொருளின் வித்தியாசமும் இன்னொரு பொருளின் வித்தியாசமும் ஒன்றாக இல்லை. வாடகையும் சம்பளமும் வரியும் மட்டுமே காரணம் என்றால் எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறியிருக்க வேண்டும். அப்படி இல்லாததால், ஒவ்வொரு சந்தையிலும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று பார்த்தே லாபம் வைக்கிறார்கள் என்ற விளக்கம்தான் பொருந்தி வருகிறது. ஒரு நிறுவனம் அப்படி விலை வைப்பது மட்டுமே குற்றமில்லை. ஆனால் மலிவான நாட்டில் வாங்கி விலை அதிகமான நாட்டில் விற்க வருபவரைத் தடுத்துக் கதவை அடைப்பது வேறு விஷயம். சுவிட்சர்லாந்தில் எல்மெக்ஸ் டூத்பேஸ்ட் விற்ற காபா நிறுவனம், ஆஸ்திரியாவில் அதைத் தயாரித்த கூட்டாளி சுவிட்சர்லாந்துக்குள் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. அதற்காகப் போட்டி ஆணையம் விதித்த 48 லட்சம் பிராங்க் அபராதத்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் 2016ல் உறுதி செய்தது. 2024 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் மோண்டலீஸ் நிறுவனத்துக்கு 33.75 கோடி யூரோ அபராதம் விதித்தது, சாக்லேட், பிஸ்கட், காபி ஆகியவை விலை குறைந்த நாட்டிலிருந்து விலை அதிகமான நாட்டுக்குப் போவதைத் தடுத்தது என்பதுதான் குற்றம். பெல்ஜியத்தில் அதிக விலைக்கு விற்கும் சாக்லேட்டை அங்கே இறக்குமதி ஆகாமல் காக்க, நெதர்லாந்தில் அதன் விநியோகத்தையே நிறுத்தியதும் இதில் அடங்கும். எல்லாவற்றையும் "வரிதான் காரணம்" என்று தள்ளிவிடுபவர்கள் இந்த வழக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு வரவழைக்கக் கிளம்புபவர்களுக்கு. பொருளின் விலையில் மட்டும் சதவீதம் போட்டுச் சுங்க வரியைக் கணிக்கிறார்கள், ஆனால் பல நாடுகளில் சுங்க வரி கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைமேல் போடப்படுகிறது, அந்த மொத்தத்தின் மேல்தான் வாட் வருகிறது. பொருள் 100, அனுப்பும் செலவு 20, சுங்க வரி 10 சதவீதம், வாட் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்க வரி 12, ஆக 132, அதன் மேல் வாட் 26.40, கையில் கிடைக்கும்போது 158.40. சிறு பார்சல் என்றால் வரி இல்லை என்ற பழைய நம்பிக்கையும் இப்போது ஆபத்து. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்து 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையான பார்சலுக்கும் ஜிஎஸ்டி வசூலிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வாட் விலக்கை 2021 ஜூலையில் நீக்கிவிட்டது, அமெரிக்கா 800 டாலர் சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29லிருந்து நிறுத்தி வைத்தது. இதற்கு மேல் உத்தரவாதம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் கடையில் வாங்கும் புதிய பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்டப்படியான பொறுப்பு விற்பவருக்கு உண்டு, அதன் செலவு அந்த விலைக்குள் இருக்கிறது. வேறு நாட்டிலிருந்து மலிவாக வந்த அதே மெஷின் ஆறாவது மாதம் நின்றுபோனால், உள்ளூர் சேவை மையம் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு "இது எங்கள் நாட்டுக்கான மாடல் இல்லை" என்று திருப்பி அனுப்பலாம். ஆர்டர் போடுவதற்கு முன்பே அந்த மாடல் எண்ணைச் சொல்லி, பழுது பார்ப்பீர்களா, உதிரி பாகம் இருக்கிறதா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.