வைக்கோல் தண்ணீரில் ஒரு கோல்: பாக்டீரியாவின் வடிவத்தைப் பார்த்து அறியும் முறை

பாக்டீரியாவின் வடிவத்துக்கு அதன் செல்சுவரே காரணம் என்று பாடத்தில் படிக்கிறோம். அந்தச் சுவரை எந்த இடத்தில், எந்தத் திசையில் கட்ட வேண்டும் என்று நடத்துவது எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. பாக்டீரியாவுக்குள் புரத இழைகளால் ஆன ஒரு சட்டகம் இருப்பது 1990களிலிருந்துதான் தெளிவாகத் தொடங்கிற்று. அந்த இழைகளைச் சாதாரண நுண்ணோக்கியில் காண முடியாது. ஆனால் அவை செய்த வேலையைக் காணலாம். பிளஸ் டூ மாணவர்களும் ஆசிரியர்களும் பள்ளி ஆய்வகத்திலேயே அதைச் செய்துபார்க்கும் வழியை இங்கே தருகிறேன்.

சோழவந்தான் பக்கம் அறுவடை முடிந்து படப்பில் ஏறிய வைக்கோலில் ஒரு பிடி போதும். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 200 மில்லிலிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, சாற்றை வாயகன்ற குடுவையில் ஊற்றிப் பஞ்சால் மூடிவையுங்கள். கொதிநீரில் மற்ற நுண்ணுயிரிகள் பெரும்பாலும் மடிந்துவிட, பேசில்லஸ் என்ற கோல் வடிவ பாக்டீரியா இனங்களின் வித்துகள் (உறங்குநிலை வடிவங்கள்) மட்டும் தாக்குப்பிடித்து முளைக்கும். பேசில்லஸ் சப்டிலிஸுக்கு ஆங்கிலத்தில் வைக்கோல் பேசில்லஸ் என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. 30 முதல் 37 டிகிரி வெப்பம் அதற்கு ஏற்றது என்பதால் மதுரையில் வளர்ப்புப் பெட்டி தேவைப்படாது. ஓரிரு நாளில் நீரின் மேல் மெல்லிய ஆடை படரும். ஆடை தெரிந்தவுடன் எடுத்துவிடுவது நல்லது. நாளானால் கோல்கள் மறுபடியும் வித்தாக மாறி, சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளிகளாகவே தெரியும்.

ஆடையில் ஊசிமுனை அளவு எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் மிக மெல்லியதாகப் பரப்பி உலர விடுங்கள். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் மூன்று முறை காட்டி எடுத்து, கிரிஸ்டல் வயலட் சாயத்தை ஒரு நிமிடம் வைத்துக் கழுவி உலர்த்தி, எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கில் பாருங்கள். பூச்சு தடிமனாக இருப்பதுதான் பெரும்பாலும் நேரும் பிழை. ஸ்லைடுக்குக் கீழே வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு அது மெலிந்திருக்க வேண்டும்.

ஊதா நிறக் கோல்கள் தெரியும். நீளம் எப்படி இருந்தாலும் அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். செல்லுக்குள் இருக்கும் நீரழுத்தம் வாகன டயரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அது எல்லாத் திசையிலும் தள்ளும்போது செல் உருண்டையாக உப்பாமல் நீளவாக்கில் மட்டும் வளர்வதற்கு, அந்தச் சட்டகத்தைச் சேர்ந்த எம்ஆர்இபி என்ற புரதம் துணை நிற்கிறது. நம் தசையில் உள்ள ஆக்டினுக்கு அது உறவு. 2001இல் ஜெஃப் எரிங்டன் குழுவினர் இதே பேசில்லஸ் சப்டிலிஸில் அது இழைகளாக அமைவதைக் காட்டினர். 2011இல் வெளியான ஆய்வுகளோ, அது சிறு சிறு துண்டுகளாகச் செல்லின் குறுக்கே சுற்றிச்சுற்றி நகர்கிறது என்றும், சுவர் கட்டும் வேலையே அதை நகர்த்துகிறது என்றும் காட்டின. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் கொத்தனார் வட்டமாக நகர்ந்தபடியே கல் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: சுவர் உயரும், வட்டம் விரியாது. இந்தப் புரதத்தை முடக்கும் ஏ22 என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கோல் வடிவ பாக்டீரியாக்கள் உருண்டையாகிவிடுகின்றன. இந்த மருந்தைப் பள்ளியில் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த ஸ்லைடில் வீட்டுத் தயிரின் தெளிந்த நீரை இதே முறையில் பாருங்கள். கோல்களோடு, மணி கோத்தது போன்ற உருண்டைகளும் இருக்கும். தயிரில் வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் எம்ஆர்இபி கிடையாது. ஆனால் கோலுக்கும் உருண்டைக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டு செல்கள் ஒட்டி நிற்கும் இணைப்பில், பிரிவதற்கு முன் எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் வளையமாகத் திரண்டிருந்தது. நம் செல்களில் நுண்குழல்களை அமைக்கும் டியூபுலின் என்ற புரதத்துக்கு இது உறவு. இந்த வளையத்தை 1991இல் எர்ஃபெய் பி, ஜோ லுட்கென்ஹவுஸ் இருவரும் ஈ.கோலையில் கண்டனர். இந்தப் புரதம் பழுதானால் செல் பிரிய முடியாமல் நீண்ட இழையாக வளர்கிறது.

சட்டகம் மட்டுமே வடிவத்தைத் தாங்குகிறதா என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 1953இல் கிளாஸ் வெய்புல், சர்க்கரைக் கரைசலில் வைத்த பேசில்லஸ் மெகாடீரியத்தின் சுவரை முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற நொதியால் கரைத்தார். கோல்கள் எல்லாம் உருண்டைகளாயின. வடிவத்தைத் தாங்குவது சுவர். அந்தச் சுவர் கட்டப்படும் ஒழுங்கை வகுப்பது சட்டகம். கல்லூரி ஆய்வகத்தில் லைசோசைம் இருந்தால், 100 மில்லிலிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை கரைத்த நீரில் இதைச் செய்துபார்க்கலாம். அப்போது சுடரில் காட்டாமல், சாயமும் இடாமல், ஈரத்தோடு கவர் ஸ்லிப்பால் மூடிப் பார்க்க வேண்டும். உலர்ந்தால் உருண்டைகள் சிதைந்துவிடும்.

வைக்கோல் சாற்றில் நோய் தரும் பேசில்லஸ் இனங்களும் வளரக்கூடும் என்பதால் அதை முகரவோ சுவைக்கவோ கூடாது. வேலை முடிந்ததும் சாற்றையும் ஸ்லைடுகளையும், சமையலுக்குப் பயன்படாத பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறிய பிறகு 20 நிமிடம் வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். வெறும் கொதிநீருக்கு இந்த வித்துகள் சாவதில்லை.