ஆம்பூர் மெஷினின் லாகை வேலூரில் உட்கார்ந்து படிப்பது எப்படி? ஆர்சிஸ்லாக் செய்முறை

மே மாதம் வந்தால் வேலூர்ப் பக்கம் கணினி பராமரிப்பவர்களுக்கு இந்த அழைப்பு வாடிக்கை: "மத்தியானம் தானா ஆஃப் ஆயிடுச்சு சார், கொஞ்சம் வந்து பாருங்க." ஆம்பூர் ஷூ யூனிட்டில் பில்லிங் மெஷின், ராணிப்பேட்டை குடோனில் வருகைப்பதிவு மெஷின் என்று இடத்துக்கு ஒரு லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். பஸ் ஏறிப் போய், ஆன் செய்து, லாகை, அதாவது மெஷின் தன்னில் நடப்பதை எழுதி வைக்கும் பதிவை, திறந்தால்தான் காரணம் தெரியும். டிஸ்க்கே போயிருந்தால் லாகும் அதோடு போச்சு. யாராவது திருட்டுத்தனமாக நுழைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், தடயத்தை மறைக்க லாகில்தான் முதலில் கை வைப்பார்கள்.

ஒரு மெஷினின் லாகை அந்த மெஷினிலேயே வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான். எழுதப்பட்ட அந்த நொடியே அது வெளியேறி வேறொரு மெஷினுக்குப் போய்விட வேண்டும். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. உபுண்டு சர்வரில் ஏற்கெனவே இருக்கும், லாகை எழுதவும் அனுப்பவும் செய்யும் ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருள் போதும். ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004இல் தொடங்கிய திட்டம் இது. டெபியன் என்ற லினக்ஸ் வைத்திருந்தால், பதிப்பு 12 முதல் நீங்களே நிறுவிக்கொள்ள வேண்டும்.

இந்த விளக்கத்தில் லாகை வாங்கும் சர்வர் வேலூரில் இருக்கிறது, முகவரி 10.8.0.1. அனுப்பும் மெஷின் ஆம்பூரில், 10.8.0.5. இரண்டும் வயர்கார்ட் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியே இணைந்தவை. சாதாரண சிஸ்லாக் (லாகை அனுப்பும் பழைய முறை) எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாகப் போகும், அதனால் அது வந்து சேரும் வாசலான 514ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறக்கவே கூடாது. விபிஎன் இல்லையென்றால் டிஎல்எஸ் என்ற பூட்டு முறையை அமைத்து 6514 போர்ட்டில் அனுப்பலாம். ஆனால் புதியவர்களுக்கு விபிஎன்தான் சுலபம்.

முதல் வேலை: பெயரும் நேரமும்

எல்லா மெஷினுக்கும் "உபுண்டு" என்றே பெயர் இருந்தால், வந்து குவியும் வரிகளில் எது ஆம்பூர், எது ராணிப்பேட்டை என்று பிரிக்க முடியாது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையால் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வையுங்கள்.

அப்புறம் நேரம். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டக் கூடாது. 2001இல் ஆவணமான பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், தேதி, மணி மட்டும்தான் உண்டு. வருடமும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஆர்சிஸ்லாக்கில் நாம் எளிய முறையில் அனுப்பும்போது போவதும் இதே பாணிதான். ஆம்பூர் மெஷின் உலகப் பொது நேரமான யுடிசியிலும் வேலூர் சர்வர் இந்திய நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வரும், எது முன்னால் நடந்தது எது பின்னால் என்றே புரியாது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் எல்லா மெஷினையும் ஏசியா/கொல்கத்தா ஆக்கி, கடிகாரத்தை இணையம் வழியே சரிசெய்யும் என்டிபி ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

வேலூர் சர்வரில்

ஈடிசி ஃபோல்டரில் உள்ள ஆர்சிஸ்லாக்.கான்ஃப் கோப்பை ரூட் உரிமையோடு திறங்கள். மேல்பகுதியிலேயே டிசிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் முறை) வழி வரவு பற்றி ஒரு விளக்க வரி இருக்கும். அதன் கீழே இரண்டு வரிகள்: ஒன்று ஐஎம்டிசிபி மாட்யூலை ஏற்றுவது, மற்றொன்று 514 போர்ட்டில் காத்திருக்கச் சொல்வது. இந்த இரண்டின் தொடக்கத்திலும் உள்ள # குறியை நீக்குங்கள். விளக்க வரியின் # அப்படியே இருக்கட்டும், அதையும் நீக்கினால் அது கட்டளை என்று நினைத்துப் பிழை காட்டும். சேமித்துவிட்டு ஆர்சிஸ்லாக் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வாலில் 10.8.0.0/24 முகவரிகளுக்கு மட்டும் டிசிபி 514ஐ அனுமதியுங்கள். எஸ்எஸ் கட்டளையை ஓட்டினால் 514 காத்திருப்பது தெரியும்.

ஆம்பூர் மெஷினில்

ஈடிசிக்குள் ஆர்சிஸ்லாக்.டி என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதில் .கான்ஃப் என்று முடியும் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

*.* @@10.8.0.1:514

முதல் நட்சத்திரம் எந்தப் பிரிவிலிருந்து வந்தாலும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எவ்வளவு அவசரமானாலும் என்பதை. அவசர நிலைகள் 0 முதல் 7 வரை, 0தான் உச்சம். @ ஒன்று போட்டால் யுடிபி, இரண்டு போட்டால் டிசிபி. யுடிபியில் வழியில் தொலைந்த வரி தொலைந்ததுதான், கேட்பாரில்லை. ஊர் விட்டு ஊர் அனுப்புவதற்கு டிசிபியைத்தான் நான் சொல்வேன்.

இதே வரியை வேலூர் சர்வரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தன் லாகைத் தனக்கே அனுப்பிச் சுற்றிச்சுற்றி டிஸ்க்கை நிரப்பிவிடும்.

சரி, இணைய லைன் போனால் என்ன ஆகும்? டிசிபி மட்டும் காப்பாற்றாது, அந்த நேரத்து வரிகள் தொலையலாம். அதனால் மேலே எழுதிய வரிக்கு முன்னால் கியூ (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) அமைப்புகள் நான்கைச் சேருங்கள்: கியூ வகை லிங்க்டுலிஸ்ட், டிஸ்க்கில் சேமிக்க ஒரு கோப்புப் பெயர், மெஷின் அணையும்போது மிச்சத்தைச் சேமித்து வைப்பது, மறுமுயற்சி எண்ணிக்கை -1. இதில் -1 என்றால் விடாமல் முயன்றுகொண்டே இரு என்று பொருள். இணைப்பு திரும்பியதும் தேங்கியதெல்லாம் போய்ச் சேரும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது கட்டாயம் வேண்டும்.

சோதனை

ஆம்பூர் மெஷினிலும் சேவையை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, லாகர் என்ற கட்டளையோடு மேற்கோளுக்குள் "ஆம்பூர் பேசுகிறது" என்று அடியுங்கள். வேலூரில் வார்/லாக்/சிஸ்லாக் கோப்பை டெய்ல் -எஃப் கொண்டு பார்த்தபடி இருந்தால், நேரம், மெஷின் பெயர், செய்தி என அந்த வரி வந்து விழும். கம்பியில் போகும்போது அதன் முன்னால் <13> என்ற எண் ஒட்டியிருக்கும். பயனர் பிரிவின் எண் 1. அதை 8ஆல் பெருக்கி, நோட்டீஸ் நிலையின் எண் 5ஐக் கூட்டினால் 13.

வரவில்லையா? முதலில் விபிஎன்னில் பிங் போகிறதா என்று பாருங்கள், அடுத்து ஃபயர்வால். கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் ஆர்சிஸ்லாக்டி கட்டளையை -என்1 உடன் ஓட்டும்போது எந்த வரியில் என்று அதுவே சொல்லிவிடும்.

வரத் தொடங்கிய பிறகு, மெஷின் அணைவதற்கு முந்தைய கடைசி வரிகளைப் படியுங்கள். சிபியு வெப்பம் வரம்பைத் தாண்டியதால் வேகம் குறைக்கப்பட்டது என்று லினக்ஸின் மையமான கெர்னல் எழுதியிருந்தால், ஆம்பூர் போகும்போது ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் எடுத்துப் போகலாம். அப்படி எதுவுமே இல்லாமல் வரிகள் சட்டென்று நின்றிருந்தால் யுபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

எத்தனை நாள் வைப்பது?

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவில் பழைய லாகை ஒதுக்கி அழிக்கும் லாக்ரொட்டேட் வாரம் ஒருமுறை சுழற்றி 4 வாரம்தான் வைக்கும். லாக்ரொட்டேட்.டி ஃபோல்டரில் ஆர்சிஸ்லாக் கோப்பைத் திறந்து, ரொட்டேட் 4 என்பதை 26 ஆக்குங்கள். 182 நாட்கள் ஆகிவிடும்.

யூனிட்டில் உள்ள ரவுட்டர், சுவிட்சுகளிலும் பெரும்பாலும் ரிமோட் சிஸ்லாக் என்றொரு இடம் இருக்கும், அவற்றிலிருந்து விபிஎன்னுக்குப் பாதை இருந்தால் அங்கே 10.8.0.1ஐக் கொடுங்கள். அவற்றில் பல யுடிபி மட்டுமே அனுப்பும். அப்படியானால் வேலூர் சர்வரில் ஐஎம்யுடிபி வரிகள் இரண்டின் # குறியையும் நீக்கி, ஃபயர்வாலில் விபிஎன் வழி வருபவற்றுக்கு மட்டும் யுடிபி 514ஐயும் திறந்துவிடுங்கள்.