ஒரு பனியன் ஆர்டரை ஒரே ஷீட்டில் ஓட்டுவது எப்படி?

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரை முதலிலிருந்து கடைசி வரை கவனிப்பவர்) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். ஆர்டர் நம் கம்பெனியுடையது, துணி மட்டும் ஊர் முழுக்கச் சுற்றும். நூல் ஒரு இடத்தில் வாங்கி, நிட்டிங் இன்னொரு இடத்தில் ஓட்டி, சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது), பிரிண்டிங் எல்லாம் முடித்துக் கட்டிங் டேபிளுக்கு வருவதற்குள் கூலிக்குச் செய்து தரும் நாலைந்து ஜாப் ஒர்க்காரர்கள் கை மாறியிருக்கும். இதையெல்லாம் போனிலும் டைரியிலும் துரத்துவதற்குப் பதில், கூகுள் ஷீட் ஒன்றில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கான வழி இது. கம்பெனி வேலை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கையில் இருக்கும் விவரமே ஒழுங்காக இல்லையென்றால், எந்த சாஃப்ட்வேரும் அந்தக் குழப்பத்தை அழகான திரையில் காட்டும், அவ்வளவுதான்.

படி 1: முதலில் கிலோவைச் சரியாகப் போடுங்கள்

10,000 டி-ஷர்ட், நாலு கலர். கட்டிங் வேஸ்ட் சேர்த்துப் பீஸுக்கு 200 கிராம் என்றால், காம்பாக்டிங் முடிந்து 2,000 கிலோ துணி கைக்கு வர வேண்டும். ப்ராசஸ் லாஸ், அதாவது நூல் துணியாகி வருவதற்குள் குறையும் எடை, 8 சதவீதம் என்று வைப்போம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 2,000-க்கு 8 சதவீதம் கூட்டி 2,160 கிலோ நூல் போடுவார்கள். லாஸ் போவது நூலின் எடையிலிருந்து. 2,160-இல் 8 சதவீதம் போனால் மிஞ்சுவது 1,987 கிலோ. கிட்டத்தட்ட 13 கிலோ குறைகிறது, அதாவது 64 பீஸ். 2,000-ஐ 0.92-ஆல் வகுத்து 2,174 கிலோ என்று போடுங்கள். குறைந்த 13 கிலோவுக்காகத் திரும்பச் சாயம் போட்டால் அது வேறு லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணிதான் ஒரு லாட்). ஷேடு பொருந்தாது.

படி 2: வரிசை ஆர்டருக்கு இல்லை, லாட்டுக்கு

ஷீட்டில் ஆர்டருக்கு ஒரு வரிசை போட்டால், "சாயம் பாதி முடிஞ்சுது" என்றுதான் எழுத முடியும். அதை வைத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டர் எதையும் செய்ய முடியாது. நேவி லாட் 1, நேவி லாட் 2, ஒயிட் லாட் 1 என்று தனித்தனி வரிசையாகப் பிரியுங்கள். உடலும் கையும் ஒரே லாட்டில் வெட்ட வேண்டும், கழுத்துக்கு வைக்கும், இழுத்தால் விரியும் ரிப் துணியும் அதே லாட்டோடு சேர்ந்து சாயத்துக்குப் போயிருக்க வேண்டும். ரிப் கிலோவுக்கு அதே வரிசையில் ஒரு கட்டம் விடுங்கள். அதை மறந்து, வெறும் காலர் துணிக்காக ஒரு லாட்டே காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய தேதியை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: பேக்கிங் 4, தையல் 12, கட்டிங் 4, காம்பாக்டிங் 2, சாயம் 10, நிட்டிங் 7, நூல் 5. மொத்தம் 44 வேலை நாள், ஏழு வாரத்துக்கும் மேல்.

இதைக் கையால் எண்ண வேண்டாம், 'ஒர்க்டே' (WORKDAY) என்ற சூத்திரம் இருக்கிறது. ஆனால் அது சனி, ஞாயிறு இரண்டையும் லீவாக எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை நாம் லீவு விடுகிறோமா என்ன! அதனால் 'ஒர்க்டே டாட் இன்டல்' (WORKDAY.INTL) எடுத்து, வார விடுமுறை இடத்தில் 11 என்று கொடுங்கள். ஞாயிறு மட்டும் கழியும். நாட்களை மைனஸில் கொடுத்தால் பின்னோக்கி எண்ணும். பண்டிகை நாட்களைத் தனித் தாளில் எழுதி அதோடு இணையுங்கள். தீபாவளி, பொங்கலுக்குக் காலண்டர் லீவு மட்டும் போட்டு ஏமாறாதீர்கள், ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வரும் நாட்களையும் சேருங்கள்.

லேப் டிப் (சாயக் கலரின் சின்ன மாதிரித் துணி) அப்ரூவல், சைஸ் செட் (ஒவ்வொரு சைஸிலும் தைத்த மாதிரி) அப்ரூவல், லேபிள், பாலிபேக் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி தேதி உண்டு. லேப் டிப்புக்குப் பையர் ஓகே சொல்லாமல் சாயத்தில் கை வைக்க முடியாது.

படி 4: நாலு தேதி எழுதுங்கள்

இந்தப் பதிவே இதற்காகத்தான். ஒவ்வொரு நிலைக்கும் திட்டத் தேதி, முடிந்த தேதி என்று இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். இன்னும் இரண்டு வேண்டும்: சரக்கு அங்கிருந்து கிளம்பிய தேதி, அடுத்த இடத்தில் இறங்கிய தேதி.

ஒரு தடவை எங்கள் லாட் ஒன்று சாயம் முடிந்தும் பட்டறையிலேயே மூன்று நாள் கிடந்தது. நாங்கள் வண்டி அனுப்புவோம் என்று அவர்கள் இருந்தார்கள், அவர்களே காம்பாக்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் இருந்தோம். ஷீட்டில் பச்சைக் கலர், 'முடிந்தது'. மூன்று நாள் எந்த இயந்திரமும் பழுதாகாமலே போய்விட்டது.

கிளம்பிய தேதிக்கு ஆதாரம் டி.சி. ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பும்போது டெலிவரி சலான் எப்படியும் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நம்பரையும் கிலோவையும் பக்கத்துக் கட்டத்தில் ஏற்றுங்கள். போன கிலோவும் வந்த கிலோவும் எதிரெதிரே நின்றால் லாஸ் எங்கே கூடுகிறது என்று தானாகத் தெரியும்.

படி 5: யார் நிரப்புவது?

ஜாப் ஒர்க்காரரை ஷீட்டில் எழுதச் சொன்னால் எழுத மாட்டார். பட்டறை சூப்பர்வைசர் கையில் ஈரம், ஃபோனில் பாதி சார்ஜ். அவருக்கு வாட்ஸ்அப் போதும். "அண்ணா, நேவி லாட் 2 முடிஞ்சதும் டி.சி-யை மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, வண்டிய நான் அனுப்பறனுங்க" என்று சொல்லிப் பாருங்கள், அனுப்புவார். ஷீட்டில் ஏற்றுவது உங்கள் வேலை. திட்டத் தேதிக் கட்டங்களைப் பூட்டி வையுங்கள். யாராவது தேதியை நைசாகத் தள்ளி வைத்தால் தாமதமே காணாமல் போய்விடும்.

பதிலுக்கு அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்தில் என்னென்ன லாட் வரப்போகிறது என்பதை அவருக்குக் காட்டுங்கள். இயந்திரத்தை ஒதுக்கி வைக்க அவருக்கு அது உதவும்.

படி 6: ஆர்டர்கள் பெருகும்போது

எல்லா ஆர்டரையும் ஒரே தாளில் வைத்து, பட்டறைப் பெயரால் வடிகட்டிப் பாருங்கள். வெவ்வேறு மெர்ச்சண்டைசர்கள் ஒரே வாரத்தில் ஒரே பட்டறையை நம்பியிருப்பது அப்போதுதான் தெரியவரும். இந்த ஊரில் இறுகும் இடம் சாயம்தான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்ட முடியும் என்ற நிலை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏதாவது நின்றால், அதை நம்பியிருக்கும் பட்டறைகளும் நிற்கும். காலையில் பத்து நிமிடம் நின்றபடியே கூடி, திட்டத் தேதி தாண்டிச் சிவப்பாக இருக்கும் வரிசைகளை மட்டும் பேசுங்கள்.

சரக்குக் கிளம்பியதும் ஷீட்டை அழித்துவிடாதீர்கள். மேலே சாயத்துக்கு 10 நாள் போட்டேன் இல்லையா? பட்டறையில் கேட்டால் 7 என்றுதான் சொல்வார்கள். என் பழைய ஷீட்டுகள் 10 என்கின்றன.